எங்க கரட்டுக்குப் பிளான் போட்டவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

நீங்க போட்ட பிளானை எங்க ஊர்லயே முதல்ல பாத்தது நான்தான். ஏன்னா அது ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்துச்சு. ஒரு தம்பி பைக்ல வந்து, அக்கா இந்த மூணு தாளையும் ஏ3-ல மூணு செட் போடுங்க, கலர் வேணாம்னான். முதல் காப்பி வெளிய வந்ததும் கீழ எங்க ஊர் பேரைப் பாத்தேன், அடுத்த தாளை வைக்க மறந்து அப்படியே படிச்சுக்கிட்டு நின்னேன். எங்க கரடு ஒரு சின்ன மலைதான், அதோட உச்சியில வியூ பாயிண்ட், கிழக்குச் சரிவுல செல்ஃபி பாயிண்ட், அடிவாரத்துல 60 காருக்கு பார்க்கிங், பார்க்கிங்ல இருந்து உச்சி வரைக்கும் பேவர் பிளாக் பாதை, பாதை நெடுக லைட்டு, சுத்தி கம்பி வேலி, ஒரே ஒரு கேட்டு, கேட்டுல டிக்கெட் கவுண்டர். ரெண்டு நாள் கழிச்சு அதே தாளை பஞ்சாயத்து ஆபீஸ் போர்டுல ஒட்டுனாங்க, ஆட்சேபணை இருந்தா 15 நாளுக்குள்ள சொல்லணும்னு கீழ ஒரு வரி. நான் 9-ஆவது நாள் மனு எழுதி பஸ் ஏறி நேர்ல வந்து குடுத்தேன், சீல் போட்டு வாங்கிக்கிட்டீங்க, மூணு மாசம் ஆச்சு, ஒரு பதில் இல்ல. போன வாரம் ஆளுங்க வந்து டேப் புடிச்சு அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. அதனாலதான் எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன்.

ஊர் பேரை வேணும்னேதான் எழுதல. உங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு ரிசர்வ் ஃபாரஸ்ட் கரடுன்னு தெரிஞ்சா போதும். ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ ஒரு பையன் எங்க சுனையில குளிச்சத ரீல்ஸ் எடுத்து லொகேஷனோட போட்டான், அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில நாப்பது பைக். அதுல இருந்து எங்க ஊர் பேரை எங்கயும் எழுதுறதில்லைன்னு ஒரு பழக்கம் வந்துருச்சு.

ஒண்ணை முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா "இவங்க வளர்ச்சிக்கு எதிரி"ன்னு ஒரே வரியில முடிச்சிருவீங்க. வெளியூர்க்காரங்க வரக்கூடாதுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. டவுன்ல ரெண்டு ரூம் வீட்டுக்குள்ள போனைப் பாத்துக்கிட்டே வளர்ற புள்ளைங்க ஒரு நாள் கரடு ஏறட்டும், சூரைப்பழம் பறிச்சுத் தின்னு நாக்கு கறையாகி இறங்கட்டும், எனக்கும் சந்தோசம்தான். எங்கம்மாவுக்கு முட்டி வலி, அஞ்சு வருஷமா கரட்டுப்பக்கமே வரல, அடிவாரத்துல ஆலமரம் வரைக்கும் ஒரு 300 மீட்டர் சமதரையில நல்ல பாதை போட்டு, வீல்சேர் போற மாதிரி செஞ்சு, உக்கார நாலு பெஞ்ச் போட்டா முதல் ஆளா நான்தான் அம்மாவைக் கூட்டிட்டு வருவேன். உங்க பிளான்ல அந்த ஒரு துண்டை நான் எதிர்க்கவே இல்ல, மனுவுலயும் எழுதியிருக்கேன், படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்.

என் பிரச்சனை வேற. உங்க பிளான்ல எல்லாத்துக்கும் இடம் இருக்கு. காலம்தான் இல்ல. எந்த மாசம் மூடணும், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பேர், இது ஒண்ணுகூட அந்த மூணு தாள்லயும் கிடையாது. கரடு என்னமோ வருஷம் பூரா ஒரே மாதிரி கிடக்குற கல்லுக்குவியல் மாதிரி வரைஞ்சிருக்கீங்க. சித்திரையில அது ஒரு மலை, கார்த்திகையில வேற மலை, ராத்திரி ஆனா அது நமக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு மலை. அந்தக் கணக்கு தெரியாம எங்க சிமெண்ட் போட்டாலும் தப்பான எடத்துலதான் போய் விழும்.

செல்ஃபி பாயிண்ட்டையே எடுத்துக்கங்க. கிழக்குச் சரிவுல ஒரு பாறை விளிம்பு இருக்கு, கீழ இருந்து பாத்தா அடுப்புத் திண்டு மாதிரி தெரியும். உங்க படத்துல சரியா அதுக்கு மேலதான் இரும்புக் கம்பி வச்சு வட்டம் போட்டிருக்கீங்க. அந்த விளிம்புலதான் கொம்பன் ஆந்தை குடும்பம் நடத்துது. கூடு கீடு எதுவும் கட்டாது, பாறையில மண்ணு கொஞ்சம் சேந்த எடத்துல அப்படியே முட்டை வச்சிரும். எங்கப்பா ஆடு மேய்ச்ச ஆளு, அவரு சின்ன வயசுல இருந்தே அந்த எடத்துல ஆந்தை இருக்குன்னு சொல்வாரு, நான் பாக்க ஆரம்பிச்சே இருவது வருஷம் இருக்கும். தை மாசம் வாக்குல முட்டை, மாசி பங்குனியில குஞ்சு. வெள்ளைப் பஞ்சு உருண்டை மாதிரி ரெண்டு உக்காந்துக்கிட்டு நம்மள மொறைக்கும் பாருங்க, அம்புட்டு அழகு. அந்த மூணு மாசம் எங்கப்பா அந்தப் பக்கம் ஆட்டை ஓட்ட மாட்டாரு, யாரும் அவருக்குச் சட்டம் போடல. சென்னையில நன்மங்கலம் காட்டுல பழைய கல்குவாரி பாறையில இதே ஆந்தை இருக்குன்னு பறவை பாக்க எங்கெங்க இருந்தோ கேமராவோட போறாங்க, எங்க ஊர்ல அது தலைக்கு மேல நின்னு செல்ஃபி எடுக்க கம்பி கட்டுறீங்க. பத்தடி தள்ளிப் போட்டா போதுமான்னு கேட்டுறாதீங்க, போதாது. தென்பக்கம் ஒரு மொட்டைப்பாறை இருக்கு, அங்க நின்னா சிறுமலை வரைக்கும் தெரியும், காத்தும் நல்லா இருக்கும், ஆந்தையும் கிடையாது. எங்க கடையில ஒரு வாட்டி வந்து கேட்டிருந்தா டீ வாங்கிக் குடுத்து நானே கூட்டிட்டுப் போய் காமிச்சிருப்பேன்.

அடுத்தது லைட்டு. எதுக்குங்க லைட்டு? ராத்திரி யார் ஏறப் போறா? "பாதுகாப்புக்காக"ன்னு எழுதியிருக்கு. பாதுகாப்புன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் கீழ இறக்கி விட்டுட்டு கேட்டைப் பூட்டணும், அதுக்கு ஒரு வாட்சர் போதும், லைட்டு வேண்டியதில்ல. எங்க கரட்டுல தேவாங்கு இருக்கு. ஒல்லியா இருக்குற புள்ளைய "தேவாங்கு"ன்னு திட்டுற ஊர்தான் எங்க ஊரு, ஆனா நிஜ தேவாங்கைப் பாத்தவங்க எங்க ஊர்லயே ரொம்பக் கம்மி, ஏன்னா அது பகல் பூரா மரத்துல பந்து மாதிரி சுருண்டு தூங்கும், இருட்டுனப்புறம்தான் பைய்ய கிளை கிளையா நகந்து எறும்பு, பூச்சின்னு புடிச்சுத் தின்னும். கால் கிலோ தேறுனா பெருசு. மரத்துக்கு மரம் தாவ அதால முடியாது, அதனால கிளையும் கிளையும் ஒட்டி இருக்கணும், நீங்க பாதைக்குன்னு ஆறடி அகலத்துக்கு உசிலையும் வெப்பாலையும் வெட்டுனீங்கன்னா ரெண்டு பக்கமும் ரெண்டு தனித் தீவு ஆயிரும் அதுக்கு. ஆராய்ச்சி பண்றவங்களே சிவப்பு லைட்டு போட்டுத்தான் தேவாங்கைப் பாப்பாங்க, கண்ணு கூசிறக்கூடாதுன்னு. 2022 அக்டோபர்ல நம்ம கரூர் திண்டுக்கல் ரெண்டு மாவட்டத்தையும் சேத்து கடவூர்ல 11,806 ஹெக்டேர் தேவாங்கு சரணாலயம்னு அரசாங்கமே அறிவிச்சுச்சு, இந்தியாவுலயே அதுதான் முதல் தேவாங்கு சரணாலயம். அதே மாவட்டத்துல, அதே உசுரு இருக்குற கரட்டுல, நாங்க என்ன பாவம் பண்ணோம்னு ராத்திரி பூரா எரியிற எல்இடி லைட்டு?

பங்குனிக்கு வர்றேன். இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கோவம் வரும், மன்னிச்சுக்கங்க. போன பங்குனியில தீ பத்துச்சு. வடக்குச் சரிவுல நாலு பசங்க அடுப்பு மூட்டி பிரியாணி செஞ்சிருக்காங்க, காய்ஞ்ச மஞ்சம்புல்லு இடுப்பு உயரத்துக்கு நிக்கிற மாசம். மதியம் ரெண்டு மணிக்கு புகையைப் பாத்துட்டு கடை ஷட்டரை இழுத்துவிட்டுட்டு ஓடுனேன். ஊர்ல இருந்து நாங்க ஒரு முப்பது பேர், பச்சைக் கொப்பை ஒடிச்சு ஒடிச்சு அடிச்சோம், வாட்சர் ரெண்டே பேர், அதுல ஒருத்தர் அம்பத்தஞ்சு வயசு, அவரு ஓடுன ஓட்டத்துக்கு அவருக்கு என்ன சம்பளம்னு கேட்டா உங்களுக்கே வெக்கமா இருக்கும். தீத்தடுப்புக் கோடு அந்த வருஷம் வெட்டவே இல்ல, நிதி வரலைன்னு சொன்னாங்க. ராத்திரி எட்டு மணிக்குத்தான் அடங்குச்சு, மறுநாள் போய்ப் பாத்தா ஓட்டோட வெந்து கிடந்த கட்டாமை ரெண்டு. அந்தப் பசங்க எப்பவோ பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாங்க, சட்டியை மட்டும் விட்டுட்டு.

குரங்கணி நமக்கெல்லாம் மறந்துருச்சா? 2018 மார்ச் 11, பக்கத்து தேனி மாவட்டம், மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி 20 பேருக்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல பொம்பளைப் புள்ளைங்க. அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதி எழுதுனாங்க, பாதையை சுலபம், நடுத்தரம், கடினம்னு பிரிச்சாங்க. 2024 அக்டோபர்ல ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு திட்டத்துல 14 மாவட்டத்துல 40 பாதை, ஆன்லைன்ல புக் பண்ணிட்டுத்தான் போகணும், கூட ஒரு வழிகாட்டி வருவாரு, அதுலயும் மலைவாழ் மக்கள், உள்ளூர்ப் பசங்களுக்குத்தான் பயிற்சி குடுத்து வச்சிருக்காங்க. தீ சீசன்ல, பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் மூடிருவாங்க. டிக்கெட் விலை ஜாஸ்தின்னு ஊரே திட்டுச்சு, நானும் திட்டுனேன், அது வேற. ஆனா அந்தத் திட்டத்துல காலம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, மூடுற மாசம்னு ஒண்ணு இருக்கு. உங்க தாள்ல "ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்"னு பெருமையா போட்டிருக்கு. பங்குனியில 60 கார் ஆளுங்களை, ஒரு கார்ல நாலு பேர்னு வச்சாலும் 240 பேர், ஒரே ஒரு கேட்டு, சுத்தி கம்பி வேலி, காய்ஞ்ச புல்லுக்குள்ள நிறுத்தி வச்சா தீ பத்துன அன்னைக்கு எங்கிட்டுங்க ஓடுவாங்க? இதுக்கு மட்டுமாவது பதில் சொல்லுங்க.

மழைக்காலத்துக்கு உங்க பேவர் பிளாக் பாதை. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இதே வேலையைப் பண்ணாரு. மூணு வருஷம் முன்னாடி வடக்குப் பக்கம் நேரா கீழ இருந்து மேல ஜேசிபி வச்சு ஒரு வழி வெட்டுனாங்க, பத்து நிமிஷத்துல ஏறிறலாம்னு. ஐப்பசியில ரெண்டு மழை. அவ்வளவுதான், வழி ஓடையாயிருச்சு. இப்ப போய்ப் பாருங்க, என் முட்டி அளவுக்குப் பள்ளம், அந்த மண்ணெல்லாம் கீழ இருந்த சின்னக் குட்டையில போய் சேந்து குட்டை மேடாயிருச்சு. பழைய ஒத்தையடிப் பாதை இருக்கே, ஆடும் மாடும் நடந்து நடந்து போட்டது, அது சரிவைக் குறுக்க வெட்டி வளைஞ்சு வளைஞ்சுதான் ஏறும். நேரம் ஆகும், ஆனா தண்ணி அதுல ஓடாது, குறுக்க தாண்டிப் போயிரும். ஆட்டுக்கு என்ஜினியரிங் தெரியாது, ஆனா எங்க வழுக்கும்னு தெரியும். உங்க படத்துல பேவர் பிளாக் பாதை எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க? அந்த ஜேசிபி வெட்டுன பள்ளத்து மேலயேதான். ஓடைக்கு ஓடு பதிக்கிறீங்க. பேவர் பிளாக் மேல விழுற தண்ணி மண்ணுக்குள்ள இறங்காம மொத்தமா கீழ வந்து மோதும், ரெண்டு வருஷத்துல கல்லெல்லாம் அடிவாரத்துல கிடக்கும், திரும்ப ஒரு டெண்டர் வரும்.

கழிப்பறை விசயம் எழுத எனக்கே ஒரு மாதிரியா இருக்கு, ஆனாலும் எழுதித்தான் ஆகணும். இப்ப வர்றவங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, அதனால பொம்பளைங்க தண்ணி குடிக்காம வருவாங்க, ஆம்பளைங்க சுனைப்பக்கம் ஒதுங்குவாங்க. கோடையில கரட்டுல இருக்குற அத்தனை உசுருக்கும் அந்த ஒரு சுனைதான். சரி கழிப்பறை கட்டுறாங்களேன்னு சந்தோசப்பட்டு பிளான்ல தேடுனா, சுனைக்கு மேல்கை மேட்டுல போட்டிருக்கீங்க, செப்டிக் டேங்கோட. தண்ணி மேல இருந்து கீழதாங்க ஓடும்! பஸ் ஸ்டாப் பக்கத்துல கட்டுங்க, வர்றவங்க போய்ட்டு ஏறட்டும், சந்தை நாள்ல எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கும் ஆகும்.

பாட்டில் கதை உங்களுக்குத் தெரியாததில்ல. எங்க ஊர் ஸ்கூல் புள்ளைங்களை சனிக்கிழமை கூட்டிட்டுப் போய் பொறுக்குவோம், போன மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் மட்டும் நாலு சாக்கு. ஏழாவது படிக்கிற ஒரு புள்ளைக்கு உள்ளங்கால்ல சீசா குத்தி மூணு தையல், அன்னையோட புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டேன், இப்ப நானும் இன்னும் ரெண்டு பேரும்தான். நீலகிரியில 2022-ல கோர்ட் சொல்லி ஒரு முறை கொண்டு வந்தாங்க, டாஸ்மாக்ல பாட்டில் வாங்கும்போது 10 ரூபா கூட குடுக்கணும், காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா அந்த 10 ரூபா வந்துரும். அதையே எங்க அடிவாரத்துல தண்ணி பாட்டில், ஜூஸ் பாட்டில் எல்லாத்துக்கும் போடலாம், ஸ்டிக்கர் ஒட்டி விடுற வேலையை எங்க ஊர் மகளிர் குழு பாத்துக்கும், நான் பேசிட்டேன். சாராய பாட்டில் மேல போகவே கூடாது, அதுல ரெண்டாவது பேச்சு இல்ல.

இப்ப வேலி. இதுதான் என்னை ராத்திரி தூங்க விடாத விசயம். நம்ம கரட்டுல யார் யார் போறான்னு உங்களுக்குத் தெரியுமா? ஆட்டுக்காரங்க ஆறு வீடு. சீமாறுக்குப் புல்லு அறுக்கப் போற கிழவிங்க ஒரு ஏழெட்டுப் பேரு. வேப்பங்கொட்டை, புளி பொறுக்கப் போறவங்க. மேல இருக்குற கன்னிமாருக்கு ஆடி 18-க்குப் பொங்கல் வைக்கப் போற மூணு ஊர் சனம். உங்க பிளான்ல இவங்க ஒருத்தரும் இல்ல. ஒரே கேட்டு, கேட்டுல டிக்கெட். நான் நேர்ல கேட்டப்ப மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரிச்சுக்கிட்டே "உள்ளூர்க்காரங்களுக்குப் பாதி விலைம்மா"ன்னாரு. எங்க கன்னிமாரைக் கும்பிட எங்களுக்குப் பாதி விலை! 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சல், சிறு வனப்பொருள் பொறுக்குறதெல்லாம் சமூக உரிமைன்னு எழுதியிருக்கு, தகுதி இருக்கா இல்லையான்னு கிராம சபை கூடித்தான் ஆரம்பிக்கணும், அந்தப் பேச்சே இன்னும் எங்க ஊர்ல ஆரம்பிக்கல, அதுக்குள்ள கம்பி வந்து இறங்கிருச்சுன்னா அப்புறம் உரிமையாவது ஒண்ணாவது.

"உங்க ஊருக்காரங்களுக்குக் காட்டைப் பத்தி என்ன தெரியும்"ங்கிற மாதிரி ஒரு பார்வை உங்க ஆபீஸ்ல இருக்கு, எனக்கு அது புரியுது. சிவகங்கைப் பக்கம் கொள்ளுகுடிப்பட்டியில பறவைங்க பயந்துரும்னு தீபாவளிக்கு வெடி போடாமயே தலைமுறையா இருக்காங்க, எந்த ஆபீசர் போய் உத்தரவு போட்டாரு? வேடந்தாங்கல் ஏரியில பறவையைச் சுடக்கூடாதுன்னு 18-ஆம் நூற்றாண்டு கடைசியிலயே வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட எழுதி வாங்குனது அந்த ஊர்க்காரங்கதான். அவ்வளவு தூரம் ஏன், மதுரைக்குப் பக்கத்துல அரிட்டாபட்டி. 2022-ல 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க, ரெண்டு வருஷத்துல டங்ஸ்டன் சுரங்கம்னு ஒண்ணு வந்துச்சு, ஊர் ஊரா சனம் ரோட்டுல இறங்கி நின்னுச்சு, 2025 ஜனவரியில ஏலத்தையே ரத்து பண்ணாங்க. பாதுகாக்கப்பட்ட எடம்னு போர்டு வச்சுட்டா மட்டும் மலை தப்பிச்சிராது, பக்கத்துல வாழ்றவன் அதை தன்னோடதுன்னு நினைக்கணும். வேலி போட்டு டிக்கெட் கேட்டீங்கன்னா அடுத்த பங்குனியில புகையைப் பாத்து எவன் ஷட்டரை இழுத்துவிட்டுட்டு ஓடி வருவான்னு யோசிங்க. நான் வருவேன், எனக்குப் புத்தி கிடையாது. மத்தவங்க வரமாட்டாங்க.

வேலை வாய்ப்புன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. எந்த வேலைன்னு விசாரிச்சேன், பார்க்கிங்ல டோக்கன் கிழிக்கிறது, கூட்டிப் பெருக்குறது, அதுவும் காண்ட்ராக்ட்காரர் மூலமா. எங்க ஊர்ல ஆட்டுக்காரர் மகன் ஒருத்தன் இருக்கான், பாறையில இருக்குற எச்சத்தைப் பாத்தே என்ன மிருகம், எப்ப போச்சுன்னு சொல்வான், பத்தாவது பெயில். அவனுக்கு டோக்கன் கிழிக்கிற வேலையா? ஒரு யூனிஃபார்மும் மூணு மாசப் பயிற்சியும் குடுத்து வழிகாட்டி ஆக்குங்க, ஒரு குரூப்புக்கு பத்துப் பேர், அவன் கூட்டிட்டுப் போவான், வர்றவங்களும் நாலு விசயம் தெரிஞ்சுக்கிட்டுப் போவாங்க. பார்க்கிங்குக்கு ஃபாரஸ்ட் எடத்தைத் தொடவே வேணாம், ஊருக்கு நடுவுல சந்தைத் திடல் ஆறு நாள் சும்மாத்தான கிடக்கு, அங்க காரை விட்டுட்டு ஒண்ணரை கிலோமீட்டர் நடந்து வரட்டும், போற வழியில நாலு கடையில டீயும் வடையும் விக்கும், கரடு ஏற வந்தவங்களுக்கு ஒண்ணரை கிலோமீட்டர் நடக்கக் கஷ்டமா இருந்தா அவங்க ஏன் கரடு ஏறணும்?

எத்தனை பேர்ங்கிற கேள்விக்கு பதில் இல்லாமத்தான் ஊட்டியும் கொடைக்கானலும் அந்தக் கதியாச்சு. கடைசியில ஹைகோர்ட் தலையிட்டு 2024 மே மாசம் இ-பாஸ் வந்துச்சு, 2025 கோடைக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு எண்ணி விட வேண்டியதாப் போச்சு. ஓட்டலும் ரிசார்ட்டும் கட்டி முடிச்சப்புறம் எண்ணுனா பொழப்பு போச்சுன்னு கடையடைப்பு நடக்கத்தான் செய்யும். எங்க கரட்டுல இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கல. எண்ண வேண்டிய நேரம் இதுதான்.

எனக்குச் சட்டம் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சிருப்பீங்க, ஜெராக்ஸ் கடைக்காரிக்கு எல்லாப் பேப்பரும் கண்ணுல படும். 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023-ல ஒரு திருத்தம் வந்துருக்கு, வனத்துறையோட வொர்க்கிங் பிளான்ல, அதாவது ஒரு காட்டை எப்படிப் பராமரிக்கணும்னு எழுதி வைக்கிற திட்டத்துல, சேத்திருந்தா சுற்றுச்சூழல் சுற்றுலா வசதிகளைக் காடு சாராத வேலைன்னு கணக்குல எடுக்க வேண்டியதில்ல, அதாவது தனியா அனுமதி வாங்குற தலைவலி இல்ல. அப்ப எல்லாமே அந்த வொர்க்கிங் பிளான்லதான் இருக்கு. இந்தப் பார்க்கிங்கும் லைட்டும் வேலியும் அதுல எந்தப் பக்கத்துல, எந்த வருஷம் சேத்தது? இருந்தா காமிங்க. இல்லன்னா சுண்ணாம்புக் கோட்டை யார் போடச் சொன்னாங்கன்னு சொல்லுங்க.

நான் கேக்குறது இதுதான். முதல்ல அளக்குற வேலையை நிறுத்துங்க, நான் குடுத்த மனுவுக்கு எழுத்துல பதில் குடுங்க. வொர்க்கிங் பிளான்ல இந்த எடத்தைப் பத்தின பக்கங்களைத் தமிழ்ல பஞ்சாயத்து போர்டுல ஒட்டுங்க, ஜெராக்ஸ் செலவு என்னோடது. செல்ஃபி பாயிண்ட்டை கிழக்குச் சரிவுல இருந்து எடுத்துருங்க, தென்பக்க மொட்டைப்பாறையை வந்து பாருங்க, தை முதல் பங்குனி முடிய கிழக்குச் சரிவுக்கு யாரும் போகக்கூடாது, எங்க ஆடு உள்பட. லைட்டு ஒண்ணுகூட வேணாம், காலையில ஆறுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும்தான் ஆளு. தீ சீசன் ரெண்டு மாசம் அடிவாரத்து ஆலமரம் தாண்டி யாரும் ஏறக்கூடாது, தீத்தடுப்புக் கோடு தை மாசத்துக்குள்ள வெட்டி முடிக்கணும், அதுக்குக் கூலி எங்க ஊர் ஆளுங்களுக்கே குடுங்க. பாதை பழைய ஒத்தையடிப் பாதையிலதான் போகணும், கல்லு பதிக்காம, வழுக்குற எடத்துல மட்டும் படி வெட்டி. ஒரு நாளைக்கு எத்தனை பேருன்னு எங்களைக் கேட்டா முதல் வருஷம் 40, அதுக்கு மேல வேணும்னா வருஷக் கடைசியில சுனையையும் பாதையையும் சேந்து நடந்து பாத்துட்டுப் பேசுவோம். வேலி வேணாம், கன்னிமாருக்கும் ஆட்டுக்காரங்களுக்கும் கிழவிங்களுக்கும் எந்த நாளும் டிக்கெட் கிடையாதுன்னு எழுதிக் குடுங்க. டிக்கெட் காசுல ஒரு பங்கு ஊர்க் கணக்குல வந்து, வாட்சர் சம்பளத்துக்கும் பாட்டில் பொறுக்குறதுக்கும் போகணும், எவ்வளவுங்கிறத சபையில வச்சுப் பேசிக்கலாம்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்குது, அடுத்தது ஆகஸ்ட் 15. அன்னைக்கு கொடி ஏத்துனதும் ஆலமரத்தடியிலதான் கூட்டம். அந்த மூணு தாளையும் எடுத்துக்கிட்டு வாங்க, வரைஞ்சவரையும் கூட்டிட்டு வாங்க, பேசி முடிச்சுட்டு வெயிலுக்கு முன்னாடி எல்லாருமா ஒரு தடவை மேல ஏறிப் பாத்துட்டு வருவோம். வெள்ளன வந்துருங்க, ஏழு மணிக்கெல்லாம்.

இப்படிக்கு,
அடிவாரத்து ஜெராக்ஸ் கடைக்காரி